சென்று மீளும் வழி

நுழையும்முன்

இராகத்தின் பெயரைக் கேட்ட அளவில் அதன் வரிசை எண்ணையும், எண்ணைக் கேட்ட அளவில் அதற்குரிய சுரங்களையும் சொல்லிவிடுவர் கருநாடக இசை பயின்றோர். இதற்கு நினைவாற்றல் மட்டும் போதாது. ஒன்றைக் கொடுத்தால் ஐயத்திற்கு இடமின்றி மற்றொன்றைத் தரும் ஒழுங்கான தொடர்பும் வேண்டும். அத்தொடர்பைக் கணிதம் ‘சார்பு’ என்று அழைக்கிறது. இயற்கணிதத்தின் அடிப்படையாகிய இக்கருத்தை, இசையின் 72 மேளங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது இப்பாடம்.

பெயருக்குள் ஓர் எண்

ஏழு சுரங்களும் முறையாக அமைந்த தாய் இராகங்களை மேளகர்த்தா இராகங்கள் என்பர். அவை 72. பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சையில் வாழ்ந்த வேங்கடமகி, ‘சதுர்தண்டிப் பிரகாசிகை’ என்னும் தம் நூலில் 72 மேளங்கள் தோன்றும் முறையைக் கணக்கிட்டுக் காட்டினார். இன்று பெரிதும் வழங்கும் மேளப் பெயர்கள் அவர் காலத்திற்குப் பின்னர் நிலைபெற்றவை. அப்பெயர்கள் ஒவ்வொன்றின் முதல் இரண்டு எழுத்துகளுக்குள் அந்த மேளத்தின் வரிசை எண் பொதிந்துள்ளது. அதனை வெளிக்கொணரும் முறைக்குக் ‘கடபயாதி’ என்று பெயர்.

வடமொழியின் 33 மெய்யொலிகளுக்கும் 0 முதல் 9 வரையுள்ள இலக்கங்களுள் ஒன்றை இம்முறை மதிப்பாக வழங்குகிறது. க, ட, ப, ய ஆகிய நான்கு ஒலிகளும் 1 என்னும் மதிப்பைப் பெறுகின்றன. அவற்றைக் கொண்டே முறையின் பெயரும் அமைந்தது. ர என்பதற்கு 2, ல என்பதற்கு 3, வ என்பதற்கு 4, ம என்பதற்கு 5, ந என்பதற்கு 0 என மதிப்புகள் தொடர்கின்றன. மெய்யுடன் சேரும் உயிருக்குத் தனி மதிப்பு இல்லை. கிடைத்த இலக்கங்களை வலமிருந்து இடமாகப் படித்தல் வேண்டும்.

‘மாயாமாளவகௌளை’ என்னும் பெயரில் மா 5, யா 1; திருப்பிப் படித்தால் 15. ‘கீரவாணி’யில் கீ 1, ர 2, எண் 21. ‘தீரசங்கராபரண’த்தில் தீ 9, ர 2, எண் 29. பெயர் எத்துணை நீண்டதாயினும் விடை ஒன்றே. இந்த ‘ஒன்றே’ என்னும் சொல்லில்தான் சார்பின் உயிர் இருக்கிறது.

சார்பு என்பது யாது?

இரண்டு கணங்களைக் கருதுக. முதற்கணத்தின் ஒவ்வோர் உறுப்பையும் இரண்டாம் கணத்தின் ஒரே ஓர் உறுப்போடு இணைக்கும் தொடர்பு சார்பு எனப்படும். இவ்வரையறையில் இரண்டு நிபந்தனைகள் அடங்கியுள்ளன. முதற்கணத்தின் எந்த உறுப்பும் விடையின்றி விடுபடலாகாது என்பது ஒன்று. எந்த உறுப்புக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் இருத்தலாகாது என்பது மற்றொன்று.

முதற்கணத்தை மதிப்பகம் என்றும், இரண்டாம் கணத்தைத் துணை மதிப்பகம் என்றும் கூறுவர். மதிப்பகத்தின் உறுப்பு முன் உரு. அதனோடு இணையும் விடை நிழல் உரு. மாயாமாளவகௌளை என்பது முன் உரு எனில், 15 அதன் நிழல் உரு ஆகும்.

வகுப்பறையிலும் இவ்வரையறையைச் சோதித்துப் பார்க்கலாம். மாணவர் ஒவ்வொருவரையும் அவர் பிறந்த மாதத்தோடும் தேதியோடும் இணைப்பது சார்பு. பிறந்த நாள் இல்லாத மாணவர் எவரும் இலர்; இரண்டு பிறந்த நாள் உடையவரும் இலர். இத்தொடர்பைத் திருப்பி, ஆண்டின் ஒவ்வொரு நாளையும் அந்நாளில் பிறந்த மாணவரோடு இணைத்தால் அது சார்பு ஆகாது. சில நாள்களில் ஒருவரும் பிறந்திருக்கமாட்டார். ஒரே நாளில் இருவர் பிறந்திருக்கவும் கூடும். எனவே ஒரு தொடர்பைக் காணும்போது அது எங்கிருந்து எங்கே செல்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

மதிப்பகம் மாறினால்

விதி ஒன்றே ஆயினும், மதிப்பகம் மாறினால் சார்பு சார்பாக நிலைத்திராமல் போகலாம். கடபயாதி முறையே இதற்குச் சான்று.

கனகாங்கி, காயகப்பிரியா, கரகரப்பிரியா என்னும் மூன்று மேளங்களும் தமிழில் ககர வரிசை எழுத்துகளிலேயே தொடங்குகின்றன. ஆனால் அவற்றின் வடமொழி ஒலிப்பு வேறு வேறு. கனகாங்கியின் ககரம் வல்லொலி. அதன் மதிப்பு 1. கரகரப்பிரியாவின் முதற்ககரம் மூச்சு கலந்த ஒலி; அதன் மதிப்பு 2. காயகப்பிரியாவின் ககரம் மெலிந்த ஒலி. அதன் மதிப்பு 3. ஆகவே இம்மேளங்களின் எண்கள் முறையே 1, 22, 13 என அமைகின்றன.

வடமொழி ஒலிகளின் கணத்தை மதிப்பகமாகக் கொண்டால் கடபயாதி ஒரு சார்பு. தமிழ் எழுத்துகளின் கணத்தை மதிப்பகமாகக் கொண்டால், ‘க’ என்னும் ஓர் எழுத்துக்கே பல விடைகள் கிடைப்பதால் அது சார்பு ஆகாது. இது தமிழ் எழுத்தின் குறையும் அன்று. முறையின் குறையும் அன்று. தமிழ் எழுத்து தமிழொலிகளுக்கென அமைந்தது. கடபயாதி வேறோர் ஒலித்தொகுதிக்கென அமைந்தது. விதியைச் சொல்வதோடு அது எக்கணத்திற்கு உரியது என்பதையும் சொன்னால்தான் சார்பு முழுமை பெறும்.

கூட்டெழுத்துகளிலும் இத்தகைய சிக்கல் எழுகிறது. ‘ரத்னாங்கி’ என்னும் பெயரின் இரண்டாம் எழுத்தில் த், ந் என்னும் இரு மெய்கள் உள்ளன. தகரத்தைக் கொண்டால் 62. நகரத்தைக் கொண்டால் 2. ரத்னாங்கி இரண்டாம் மேளம் ஆதலின் இங்குப் பின்னுள்ள மெய்யே கொள்ளப்படுகிறது. ‘சக்ரவாக’த்திலோ முன்னுள்ள ககரத்தைக் கொண்டால்தான் அதன் எண்ணாகிய 16 கிடைக்கும். எந்த இடத்தில் எந்த மெய்யைக் கொள்வது என முன்னரே உறுதி செய்யாவிடில் ஒரு பெயருக்கு இரண்டு விடைகள் வந்துவிடும். இரண்டு விடை தரும் விதி சார்பு ஆகாது.

இயற்கணிதத்திலும் நிலைமை இதுவே. ஓர் எண்ணின் தலைகீழியைக் காணும் விதி, 0 நீங்கலான மெய்யெண்களுக்கு மட்டுமே சார்பாகும். 0ஆல் வகுத்தல் இயலாது. மதிப்பகத்தைக் குறிப்பிடாமல் வாய்பாட்டை மட்டும் எழுதுவது, ஊர்ப்பெயர் எழுதாமல் தெருப்பெயரை மட்டும் எழுதிய முகவரி போன்றது.

துணை மதிப்பகமும் வீச்சகமும்

பெயரின் முதல் இரண்டு எழுத்துகளிலிருந்து பெறத்தக்க ஈரிலக்க வடிவங்கள் 00 முதல் 99 வரை நூறு. இந்நூறையும் துணை மதிப்பகமாகக் கொள்ளலாம். ஆனால் மேளப் பெயர்கள் உண்மையில் சென்று சேரும் எண்கள் 1 முதல் 72 வரை மட்டுமே. நிழல் உருக்களாக உண்மையில் வரும் உறுப்புகளின் கணம் வீச்சகம் எனப்படும். விடை எங்கே இருக்கலாம் என்று கூறுவது துணை மதிப்பகம்; எங்கே இருக்கிறது என்று கூறுவது வீச்சகம். இங்கு 28 எண்கள் துணை மதிப்பகத்தில் இருந்தும் வீச்சகத்தில் இல்லை.

துணை மதிப்பகம் முழுவதும் வீச்சகமாக அமைந்தால் அதனை மேல் சார்பு என்பர். துணை மதிப்பகத்தை 1 முதல் 72 வரை எனக் குறுக்கிக்கொண்டால், மேளப் பெயர்களின் சார்பும் மேல் சார்பு ஆகிவிடும்.

குறியீட்டைப் படிக்கும் முறை

மேளங்களுள் முதல் 36இல் சுத்த மத்யமமும், பின்னுள்ள 36இல் பிரதி மத்யமமும் இடம்பெறும். ஒரு சுத்த மத்யம மேளத்தின் மற்றச் சுரங்களை மாற்றாமல், மத்யமத்தை மட்டும் பிரதி மத்யமமாக மாற்றினால் 36 எண்கள் தள்ளி அமைந்த மேளம் கிடைக்கும். தீரசங்கராபரணம் 29; அதன் இணையாகிய மேசகல்யாணி 65. மாயாமாளவகௌளை 15, அதன் இணையாகிய காமவர்த்தினி 51.

மேள எண்ணை ‘எ’ என்றும், இச்சார்பைக் ‘கூ’ என்றும் குறித்தால், கூ(எ) = எ + 36 என எழுதலாம். இங்கு எ என்பது சாரா மாறி. அதனைப் பொறுத்து மாறும் விடை சார்ந்த மாறி. எ என்னும் இடத்தில் 15ஐ இட்டால் கூ(15) = 51.

இக்குறியீட்டை மாணவர் தவறாகப் படிக்கும் இடங்கள் இரண்டு. கூ(எ) என்பது கூ, எ ஆகிய இரண்டின் பெருக்கற்பலன் அன்று. கூ என்பது எண்ணும் அன்று. அது ஒரு செயலின் பெயர். அடைப்புக்குறிக்குள் இருப்பது அச்செயலுக்கு உட்படும் உறுப்பு. மேலும், கூட்டற்பலனின் நிழல் உருவை நிழல் உருக்களின் கூட்டற்பலன் எனக் கருதுதலும் பிழையே. கூ(2 + 3) என்பது கூ(5), அதாவது 41. கூ(2) + கூ(3) என்பது 38 + 39, அதாவது 77. பெருக்கலுக்குரிய பங்கீட்டுப் பண்பு எல்லாச் சார்புகளுக்கும் பொருந்தாது.

சென்றது மீளுமா?

சார்பு என்பது செல்லும் வழிக்கு மட்டுமே உறுதி தருகிறது. விடையிலிருந்து தொடங்கிய இடத்திற்கு மீள முடியுமா என்பது தனி வினா.

கடபயாதியில் ‘ப’ என்னும் ஒலியைக் கொடுத்தால் 1 என்னும் விடை உறுதி. ஆனால் 1 என்னும் இலக்கத்தைக் கொடுத்து ஒலியைக் கேட்டால் க, ட, ப, ய ஆகிய நான்கும் முன் வந்து நிற்கும். இவ்வாறு ஒன்றுக்கு மேற்பட்ட முன் உருக்கள் ஒரே நிழல் உருவைப் பெறுமாயின், அது பலவற்றிற்கு ஒன்றான சார்பு. 33 ஒலிகளைப் பத்து இலக்கங்களுக்குள் அடக்கும்போது இந்நிலை தவிர்க்க முடியாதது. வெவ்வேறு முன் உருக்கள் வெவ்வேறு நிழல் உருக்களையே பெறுமாயின், அது ஒன்றுக்கொன்றான சார்பு.

ஒன்றுக்கொன்றாகவும் மேல் சார்பாகவும் அமைவது இருபுறச் சார்பு. இருபுறச் சார்புக்கு மட்டுமே மீளும் வழியும் ஒரு சார்பாக அமையும். அதற்கு நேர்மாறு சார்பு என்று பெயர். கூ என்னும் சார்பு 1 முதல் 36 வரையுள்ள எண்களை 37 முதல் 72 வரையுள்ள எண்களுக்கு அனுப்புகிறது; எந்த இரண்டும் ஒரே இடத்தில் சேர்வதில்லை; எந்த இடமும் வெற்றிடமாக நிற்பதில்லை. எனவே 36ஐக் கழித்தல் அதன் நேர்மாறு ஆகும். நேர்மாறு சார்பைத் தலைகீழியோடு குழப்பிக்கொள்ளலாகாது. 51இலிருந்து மீளும்போது 1ஐ 51ஆல் வகுப்பதில்லை. செய்த செயலைத் திரும்பப் பெறுகிறோம் என்னும் பொருளில் 36ஐக் கழித்து 15ஐ அடைவதே மீளல்.

இயற்கணித மாணவர் அடிக்கடி தடுமாறும் ஓர் இடத்தையும் இக்கருத்து தெளிவாக்குகிறது. எல்லா மெய்யெண்களையும் மதிப்பகமாகக் கொண்டு எண்ணின் வர்க்கத்தைக் காணும் சார்பு பலவற்றிற்கு ஒன்றானது. 3, −3 ஆகிய இரண்டின் வர்க்கமும் 9. ஆகவே 9ஐ மட்டும் பார்த்து முன் உருவைச் சொல்ல இயலாது. மதிப்பகத்தையும் துணை மதிப்பகத்தையும் குறையெண் அல்லாத மெய்யெண்களாகக் குறுக்கினால் வர்க்கச் சார்பு இருபுறச் சார்பு ஆகும். அதன் நேர்மாறே வர்க்கமூலச் சார்பு. அதனால்தான் √9 என்னும் குறி 3ஐ மட்டும் குறிக்கிறது. வர்க்கம் 9 ஆகும் எண்களைக் காண்க என்னும் வினாவுக்கோ 3, −3 என்னும் இரண்டும் விடைகள்.

எண்ணிலிருந்து சுரங்களுக்கு

72 என்னும் எண் எவ்வாறு தோன்றியது என அறிந்தால், எண்ணிலிருந்து சுரங்களை மீட்கும் வழியும் புலப்படும். ரிஷபமும் காந்தாரமும் தமக்குரிய நான்கு சுரத்தானங்களுள் இரண்டைப் பெறும். நான்கிலிருந்து இரண்டைத் தேர்ந்தெடுக்கும் வழிகள் 6. தைவதமும் நிஷாதமும் அவ்வாறே 6 இணைகளாக அமையும். மத்யமம் இருவகை. 2 × 6 × 6 = 72.

மேளங்களை ஆறு ஆறாகப் பகுத்து, பன்னிரண்டு சக்கரங்களாக வரிசைப்படுத்தியுள்ளனர். ஒரு சக்கரத்திற்குள் ரிஷப, காந்தார இணை மாறுவதில்லை. தைவத, நிஷாத இணை மட்டும் ஒவ்வொன்றாக மாறிச் செல்லும்.

65ஆம் மேளத்தின் சுரங்களைக் காண்பதற்கு வழி வருமாறு. எண் 36ஐ விட மிகுதி; எனவே பிரதி மத்யமம். 36ஐக் கழித்தால் 29. அதிலிருந்து 1ஐக் கழித்து, 28ஐ 6ஆல் வகுத்தால் ஈவு 4, மீதி 4. ஒவ்வொன்றுடனும் 1ஐக் கூட்டினால் 5, 5. ஐந்தாம் ரிஷப, காந்தார இணை சதுச்ருதி ரிஷபமும் அந்தர காந்தாரமும். ஐந்தாம் தைவத, நிஷாத இணை சதுச்ருதி தைவதமும் காகலி நிஷாதமும். மேசகல்யாணியின் சுரங்கள் இவையே. சுரங்களைக் கொடுத்தால் எண்ணையும் இவ்வாறே பின்னோக்கிக் கணக்கிடலாம். எண்ணுக்கும் சுரத்தொகுதிக்கும் இடையே உள்ளது இருபுறச் சார்பு.

சார்பின்மேல் சார்பு

ஒரு சார்பின் விடையை மற்றொரு சார்புக்கு உள்ளீடாக அளித்தால் சார்புகளின் சேர்ப்பு உண்டாகிறது. மேள எண்ணுக்குரிய சக்கரத்தின் எண்ணைத் தரும் சார்பை ‘வ’ எனக் குறிக்கலாம். எண்ணிலிருந்து 1ஐக் கழித்து, 6ஆல் வகுத்து, ஈவுடன் 1ஐக் கூட்டுவதே அதன் விதி. வ(15) = 3; 13 முதல் 18 வரையுள்ள ஆறு எண்களும் 3ஐயே அடைகின்றன. ஆகவே வ என்பது பலவற்றிற்கு ஒன்றானது.

சேர்ப்பில் வரிசை இன்றியமையாதது. முதலில் கூ, பின்னர் வ எனக் கொண்டால் வ(கூ(15)) = வ(51) = 9. முதலில் வ, பின்னர் கூ எனக் கொண்டால் கூ(வ(15)) = கூ(3) = 39. முதல் விடை ஒரு சக்கரத்தின் எண். இரண்டாம் விடைக்கு இசையில் பொருளே இல்லை, ஏனெனில் சக்கர எண்ணுடன் 36ஐக் கூட்டி மேளத்தைக் காண முடியாது. கணக்கு பிழையின்றி முடிவதும், விடை பொருளுடையதாக அமைவதும் வேறு வேறு.

வரைபடம் காட்டுவது

கூ என்னும் சார்பின் வரைபடம் ஒரு நேர்க்கோட்டின்மேல் அமைந்த 36 புள்ளிகள். அப்புள்ளிகளைக் கோடிட்டு இணைத்தல் தவறு. பதினைந்தரையாம் மேளம் என ஒன்று இல்லை. வ என்னும் சார்பின் வரைபடத்தில் 72 புள்ளிகள் ஆறு ஆறாகப் படிக்கட்டுபோல் உயர்ந்து செல்லும்.

வரைபடத்தின்மேல் எங்கு ஒரு குத்துக்கோடு வரைந்தாலும் அது வரைபடத்தை ஒரு புள்ளிக்கு மேல் தொடாவிடில் அது சார்பின் வரைபடம். இது குத்துக்கோட்டுச் சோதனை. எந்தக் கிடைமட்டக் கோடும் ஒரு புள்ளிக்கு மேல் தொடாவிடில் அச்சார்பு ஒன்றுக்கொன்றானது. வ என்பதன் ஒவ்வொரு படியையும் ஒரு கிடைமட்டக் கோடு ஆறு புள்ளிகளில் தொடுகிறது. எனவே அது மீளாது. குத்துக்கோடு செல்லும் வழியைச் சோதிக்கிறது. கிடைமட்டக் கோடு மீளும் வழியைச் சோதிக்கிறது.

தெரிந்து தெளிவோம்

சார்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைக் கணிதத்தில் 1673இல் முதன்முதலாகக் கையாண்டவர் செருமானிய அறிஞர் லைப்னிட்ஸ். சார்பின் பெயரையும் அடைப்புக்குறியையும் கொண்ட குறியீட்டை 1734இல் ஆய்லர் பயன்படுத்தினார். 1748இல் வெளிவந்த நூலில் அவர், மாறியும் மாறிலிகளும் சேர்ந்து அமைந்த கோவையே சார்பு என வரையறுத்தார். 1837இல் டிரிக்லே, ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் ஒரே விடை இருத்தலே இன்றியமையாதது. அதனை ஒரு வாய்பாட்டால் எழுத வேண்டிய தேவை இல்லை என்னும் விரிந்த பார்வையை முன்வைத்தார். பட்டியலும் படிக்கட்டு வரைபடமும் சார்புகளாக ஏற்கப்படுவது இவ்விரிந்த பார்வையினால்தான்.

மீளாமையின் பயன்

மீள முடியாத சார்பு குறையுடையது எனக் கருதிவிடலாகாது. கடபயாதி ஒன்றுக்கொன்றாக அமைந்திருந்தால், ஒவ்வோர் இலக்கத்திற்கும் ஓர் ஒலியே கிடைத்திருக்கும். 15 என்னும் எண்ணைப் பெயராக்க ஒரே ஓர் ஒலியிணையே எஞ்சியிருக்கும்; செவிக்கினிய பெயரைத் தேர்ந்தெடுக்க வழியிருந்திராது. ஓர் இலக்கத்திற்குப் பல ஒலிகள் உள்ளமையால், பெயர் அமைத்தோர்க்குத் தெரிவுரிமை கிடைத்தது. அதேவேளை கேட்போர்க்கு எண்ணில் ஐயம் எழவில்லை. பெயரிலிருந்து எண்ணுக்குச் செல்லும் வழி உறுதியானது. எண்ணிலிருந்து ஒலிக்கு வரும் வழி விரிந்தது.

மீளாத இடங்களில் ஒரு தகவல் இழக்கப்படுகிறது என்பதையும் மறத்தலாகாது. மதிப்பெண்ணைத் தரமாக மாற்றும்போது, ஒரே தரத்திற்குள் அடங்கிய மதிப்பெண்களின் வேறுபாடு மறைந்துவிடுகிறது. தரத்தை மட்டும் கண்டு மதிப்பெண்ணை மீட்க முடியாது. மாணவரையும் அவருடைய தேர்வெண்ணையும் இணைக்கும் தொடர்போ ஒன்றுக்கொன்றாக இருந்தே தீர வேண்டும். இருவர்க்கு ஓர் எண் அமைந்தால் ஒருவரின் உழைப்பு மற்றொருவரின் பெயரில் சேர்ந்துவிடும். எதை மீட்கும் தேவை உள்ளதோ அதற்கு இருபுறச் சார்பு வேண்டும். எதைச் சுருக்கிக் கூறினால் போதுமோ அதற்குப் பலவற்றிற்கு ஒன்றான சார்பு போதும்.

ஆகவே, ஒரு தொடர்பைக் கண்ட அளவில் கேட்கத்தக்க வினாக்கள் மூன்று. அது எக்கணத்திலிருந்து எக்கணத்திற்குச் செல்கிறது? ஒவ்வோர் உறுப்புக்கும் விடை உண்டா, அது ஒன்றேதானா? சென்ற வழியே மீள முடியுமா? இம்மூன்றுக்கும் விடை கண்டவர் வாய்பாட்டை மனப்பாடம் செய்தவரைவிடச் சார்பை நன்கு அறிந்தவர் ஆவார்.

கற்பவை கற்றபின்

1. கீரவாணியின் மேள எண் 21. அதன் பிரதி மத்யம இணையின் எண்ணையும், இவ்விரு மேளங்களும் அமைந்த சக்கரங்களின் எண்களையும் காண்க.

2. எல்லா மேள எண்களையும் மதிப்பகமாகக் கொண்டால் கூ(எ) = எ + 36 என்பது மேளங்களுக்குள் அமையும் சார்பு ஆகுமா? காரணம் கூறுக.

3. நும் பள்ளியில் வழங்கும் ஐந்து தொடர்புகளைத் தொகுத்து, அவற்றைச் சார்பு ஆகாதவை, பலவற்றிற்கு ஒன்றானவை, இருபுறச் சார்புகள் என வகைப்படுத்துக.

4. ‘மீள முடியாமையும் ஒரு பயனே’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.